தோசைக்கல்லில் ஒரு பாய்க்கப்பல்

“எதற்காகக் கனடா வந்தீர்கள்?” என்று டொராண்டோ விமான நிலையத்தில் அதிகாரி கேட்டார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தே வந்தவனிடம் இப்படிக் கேட்டால் உண்மையைத் தவிர வேறு எதுவும் வாயில் வராது. “ஒரு தோசைக்கல்லைப் பார்க்க” என்றேன்.

அவருக்குத் தோசை தெரியவில்லை. ஒருவகைச் சட்டி என்று விளக்கினேன்.

“எத்தனை நாள் தங்குவீர்கள்?”

“ஆறு நாள்.”

“ஒரு சட்டியைப் பார்க்க ஆறு நாளா?”

“பெரிய சட்டி, ஐயா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டு முத்திரையைக் குத்தினார். என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான்.

நான் தூத்துக்குடிக்காரன். முப்பத்தைந்து வருடம் கப்பல் சர்வேயர். கையில் சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு கப்பல்களைத் தட்டித் தட்டி, துரு எங்கே தின்றிருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு தட்டக் கப்பல் இல்லாமல் புத்தகம் எழுத உட்கார்ந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நம் கடல்களுக்கு வந்துபோன இரும்பு, எஃகுப் பாய்க்கப்பல்களைப் பற்றிய புத்தகம். நீராவிக் கப்பல் வந்துவிட்டது, ஒதுங்கிக்கொள் என்று உலகமே சொன்ன பிறகும், காற்று இலவசம்தானே, நிலக்கரி எதற்கு என்று அரிசியும் சணலும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு பூமியைச் சுற்றிய கப்பல்கள் அவை. உடம்பு இரும்பு, பாய்மரம் இரும்புக் குழாய், கயிற்றில்கூடப் பாதி கம்பி. எனக்குப் பிடிவாதக்காரர்களைப் பிடிக்கும். தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகியதால் என்பாள் என் மனைவி.

ஐந்தாம் அத்தியாயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றின் பக்கத்தில், ரங்கூன் அரிசியோடு வந்த பாய்க்கப்பல் ஒன்று தரைதட்டி உடைந்தது. அதன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஊரார் கழற்றிக்கொண்டு போனது போக மிச்சத்தைக் கடல் தின்றுவிட்டது. அது இரும்புக் கப்பல், ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில் கட்டியது என்று நான் எழுதியிருந்தேன். போடா, அது எஃகு, தொண்ணூறுகளில் கட்டியது என்று என் நண்பர் கேப்டன் அடித்துச் சொல்கிறார். அவர் சொல்வது சரியென்றால் அந்த அத்தியாயம் முழுவதும் குப்பைக்கூடைக்குப் போகும். அதையாவது தாங்கிக்கொள்வேன். கேப்டனிடம் தோற்றதை டீக்கடையில் நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் முடியாது.

அப்போதுதான் அருளப்பு அண்ணாச்சியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அதே தீவுக்காரர், இப்போது டொராண்டோவின் ரூஜ் பகுதியில் இருப்பவர். நான் ஒரு பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு அனுப்பியிருந்தார்: “என்ர மனிசியின்ர தோசைக்கல்லு உந்தக் கப்பலின்ர தகடுதான் தம்பி.” கூடவே ஒரு படம். கரியநிறச் சதுரத் தகடு, அதன் ஓரத்தில் வரிசையாக நாலு வட்டத் துளைகள். கப்பல் தகடுகளைச் சேர்த்து அடிக்கும் தறையாணித் துளைகள் அவை. அறுபத்து மூன்று வயதில் ஒரு துளையைப் பார்த்து எனக்கு நெஞ்சு படபடத்தது.

முதல் நாள் புதன்கிழமை. அண்ணாச்சி காரோடு வந்திருந்தார். எழுபது வயது, ஒஷாவாவில் ஒரு கார் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மே மாதம், வசந்தம் என்றார்கள். எனக்குப் பல் தந்தியடித்தது.

“உது குளிரே தம்பி? ஆக்கள் கட்டைக் களிசானோட திரியிறாங்கள், பாரும்” என்று அரைக்கால் சட்டைக்காரர்களைக் காட்டினார். என்னைத் தம்பி என்று கூப்பிட ஊரில் ஆள் குறைந்து வருகிறது. அதற்காகவே குளிரை மன்னித்தேன்.

வீட்டில் அவர் மனைவி திரேசா அக்கா குழல் புட்டும் சொதியும் பொரித்த மீனும் வைத்தார். நான் கொண்டுபோன மக்ரூன் விமானத்தில் பொடியாகியிருந்தது. அதைப் புட்டின் மேல் தூவி, “நல்லாத்தான் இருக்கு” என்று சாப்பிட்ட பெரிய மனசு அவருக்கு. அண்ணன் மனைவி என்பதால் நான் எங்கள் ஊர் வழக்கப்படி “மைனி” என்றேன். “மைனியோ? அது என்ன, குருவியே? அக்கா எண்டே கூப்பிடுங்கோ” என்று சிரித்தார்.

தோசைக்கல் இருந்தது கராஜில். சமையலறை அடுப்பு கண்ணாடி போட்டது. அந்தப் பாரத்தை வைத்தால் கீறல் விழும். ஆகவே கார் நிற்க வேண்டிய இடத்தில் காஸ் அடுப்பும் சிலிண்டரும் இருந்தன, கார் வெளியே மழையில் நின்றது. கல்லை ஒரு தலையணை உறைக்குள் போட்டுச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். அக்கா உறையைக் கழற்றினார். மை போலக் கறுத்து, மினுமினுத்து, முகம் பார்க்கலாம் போல இருந்தது. சுத்தியலால் மெல்லத் தட்டினேன். நல்ல கனத்த குரல். ஆனால் குரலை வைத்து இரும்பா எஃகா என்று சொல்ல முடியாது. பையிலிருந்து அரத்தை எடுத்தேன்.

“அதை உள்ளுக்கு வையுங்கோ” என்றார் அக்கா. சிரிப்பு போய்விட்டிருந்தது.

விளக்கிப் பார்த்தேன். “அந்தக் காலத்து இரும்புக்குள்ள கசடு நூல் நூலா ஓடும் அக்கா, அவிச்ச மரவள்ளிக்கிழங்குக்குள்ள நார் இருக்குமே, அது மாதிரி. எஃகு அப்படியில்ல, சோப்புக்கட்டி மாதிரி வழவழன்னு இருக்கும். ஓரமா ஒரு விரக்கடை கறுப்பைச் சுரண்டுனாப் போதும், பார்த்துச் சொல்லிருவேன்.”

“சுரண்டுறதோ! உது சவர்க்காரம் கண்டதில்லை. தண்ணிகூடப் படவிடுறேல்லை. எண்ணெயில தோய்ச்ச வெங்காயம் மட்டும்தான். சண்டைக்குள்ள வீட்டை விட்டு ஓடேக்க மாதா சுருவத்தையும் உந்தக் கல்லையும்தான் தூக்கினனான். ஏழு இடம் மாறினனாங்கள். ஏழு இடத்திலயும் அடுத்த நாள் காலமை தோசை சுட்டனான். ஒண்டு ஒட்டினதில்லை. அரம் கிட்ட வந்தா நீங்கள் அடுத்த பிளேன்.”

அரத்தைப் பைக்குள் வைத்தேன். ஐயாயிரம் சொச்சம் சர்ட்டிபிகேட் எழுதிய சர்வேயர், ஒரு தோசைக்கல்லின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை வீட்டில் இருக்கக் கூச்சமாக இருந்தது. நகரத்துக்குப் போய் ஏரிக்கரையைப் பார்க்கலாம் என்று ரயிலேறினேன். ஏரி என்றார்களே தவிர, எதிர்க்கரை தெரியவில்லை. எங்கள் ஊரில் இதைக் கடல் என்றுதான் சொல்வோம், உப்பு மட்டும்தான் குறை. படகுத்துறையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று நின்றது. எஃகு உடம்பு. கை சும்மா இருக்குமா? எட்டி இரண்டு தட்டுத் தட்டினேன்.

டிக்கெட் கொடுக்கும் பெண் ஓடிவந்து, “ஐயா, என்ன செய்கிறீர்கள்?” என்றாள்.

“நலம் விசாரிக்கிறேன்” என்றேன்.

“எப்படி இருக்கிறதாம்?”

“வலப்பக்கம் கொஞ்சம் பலவீனம்.” அவள் உடனே மேலாளரைக் கூப்பிடப் போனாள், நான் உடனே ரயில் நிலையத்துக்குப் போனேன்.

திரும்பும் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செவிலியர், என் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்துவிட்டு என்ன தொழில் என்று கேட்டார். கேட்டது அவர் குற்றம். பாய்மரம் இரும்புக் குழாயாக மாறியதிலிருந்து தொடங்கினேன். சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியைப் பிடித்துக்கொண்டதையும், பாய்க்கப்பல்கள் முறைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதையும் சொல்லி முடித்தபோது ரயில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. “உங்கள் நிலையம் எப்போதோ போய்விட்டது. கதை நன்றாக இருந்தது, நடுவில் நிறுத்த மனம் வரவில்லை” என்றார் அவர்.

இறங்கியது விட்பியில். நல்லகாலம், அண்ணாச்சியின் மகள் ஷாமினிக்கு அந்த ஊரில்தான் வீடு. போன் செய்தேன். “அங்கிள், டோன்ட் மூவ்! அங்கயே நில்லுங்கோ, நான் வாறன்” என்றாள். வந்தவள் காப்பியும் டோநட்டும் வாங்கித் தந்தாள். நடுவில் துளை இருக்கிறதே, வடைக்கு உறவாக்கும் என்று நம்பிக் கடித்தேன். சீனி.

காரில் வரும்போது ஷாமினி சொன்னாள்: “சண்டே என்ர மகளின்ர ஃபர்ஸ்ட் கம்யூனியன் அங்கிள், முதல் நன்மை. பூசை முடிய நாப்பது பேர் அம்மா வீட்ட வருவினம். முழங்கால் ஒபரேஷனுக்குப் பிறகு அம்மா ஆக்களுக்குச் சமைக்கிறது இதுதான் ஃபர்ஸ்ட் டைம். ஷீ இஸ் ஸோ நேர்வஸ். கேட்டரிங் ஓடர் பண்ணுவம் எண்டா வேண்டாமாம். கல்லு இருக்கு, நான் சுடுவன் எண்டுறா. ஸோ ப்ளீஸ், சண்டே முடியும்வரைக்கும் கல்லைத் தொடாதேங்கோ.”

தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது மனசாரத்தான் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி என்னைக் கராஜுக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தம்பி, தொழிற்சாலையில இருபத்தெட்டு வருசம் தகட்டோட சீவிச்சனான். கிரைண்டரில ஒருக்காப் பிடிச்சா, பறக்கிற பொறியைப் பாத்தே இரும்போ எஃகோ எண்டு சொல்லுவன். அவ செபமாலைக்குப் போயிட்டா. ஒரு மணித்தியாலம் இருக்கு. துளைப் பக்கம் ஒரு பொட்டு. அவவுக்குத் தெரியவே வராது.”

“வாக்குக் கொடுத்திருக்கேன் அண்ணாச்சி.”

“உம்மை ஆர் தொடச் சொன்னது? நான் தொடுறன், நீர் பாரும்.”

நியாயமாகத்தான் பட்டது. ஆசை வந்துவிட்டால் எல்லாம் நியாயமாகத்தான் படும். அவர் உறையிலிருந்து கல்லை உருவிக் கையில் எடுத்தார். நான் கிரைண்டரின் வயரைச் சொருகினேன்.

கராஜ் கதவு கரகரவென்று மேலே போகத் தொடங்கியது. காரிலிருந்தபடியே ரிமோட்டை அழுத்தினால் திறக்கிற கதவு அது. முதலில் காரின் டயர் தெரிந்தது. பிறகு விளக்கு. “ஐயோ, மனிசி!” என்றார் அண்ணாச்சி. கதவு நெஞ்சு உயரம் வருவதற்குள் கல்லை எங்கே போடுவது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்து, மூலையில் இருந்த வாளிக்குள், அதில் என்ன இருக்கிறது என்றுகூடப் பாராமல் செருகி, மேலே ஒரு துணியைப் போட்டார். நான் கிரைண்டரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு குத்துவிளக்குபோல நின்றேன்.

அக்கா படிக்கிற மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். எடுத்துக்கொண்டு திரும்பப் போவார் என்று பார்த்தால், “இனி ஆர் திரும்பப் போறது, ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை கிடக்கு” என்று கராஜிலேயே முக்காலியைப் போட்டு, சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். வெற்று உறை அவர் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. சாயங்காலம்வரை அவர் எழும்பவில்லை. எழும்பியதும் ஷாமினி வந்து எங்கள் எல்லோரையும் விட்பிக்குச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனாள். திரும்பியதும் அண்ணாச்சி எடுத்து வைத்திருப்பார் என்று நான் படுத்துவிட்டேன். தம்பி எடுத்து வைத்திருப்பார் என்று அண்ணாச்சி படுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் ஒரு சத்தம் கேட்டது. அலறல் இல்லை, “இஞ்சாருங்கோ” என்று ஒரு குரல். அந்தக் குரலே சரியில்லை. ஓடினோம்.

வாளியில் இருந்தது புளித்தண்ணீர். முதல் நன்மைக்காக மாதா சிலையின் முன் ஏற்றும் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளை விளக்க அக்கா ஊறப்போட்டிருந்தார். தண்டுகள் தங்கம் போல இருந்தன. கல்லின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக, தோல் உரிந்த மாதிரி இருந்தது. துணியால் துடைத்தால் கறுப்பு பொருக்குப் பொருக்காகக் கழன்று வந்தது.

அக்கா முக்காலியில் உட்கார்ந்து கல்லை மடியில் வைத்துக்கொண்டார். “ஏழு இடம் மாறி வந்த கல்லு” என்றார். பிறகு அழுதார். அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் காரணம் என்று முழுவதையும் சொன்னேன். அண்ணாச்சி குறுக்கே புகுந்து இல்லை நான்தான் என்றார். அக்கா இரண்டு பேரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நான் பார்த்தேன். கறுப்பு போன இடத்தில், சன்னமாக, நீளவாக்கில், கோடு கோடாக நார்கள். கடல் என்றைக்கோ அரித்துவிட்டிருந்ததை இத்தனை வருடத் தோசை எண்ணெய் மூடி வைத்திருந்தது. புளி அதைத் திறந்துவிட்டது. இரும்பு! நான் எழுதியதுதான் சரி. எனக்கு அவமானமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் கூடுதல் அவமானம்.

என்னையறியாமல் கை போனை எடுத்துவிட்டது.

“படமோ?” என்றார் அக்கா. “உடுப்பில்லாமல் நிக்கிற ஆளைப் படம் எடுப்பீங்களோ நீங்கள்?”

போனைப் பைக்குள் போட்டேன். தூத்துக்குடியிலிருந்து டொராண்டோவுக்கு எதைத் தேடி வந்தேனோ, அது மூன்றடி தூரத்தில் வெயிலில் பளிச்சென்று இருந்தது. நான் படம் எடுக்கவில்லை.

அன்று முழுக்க நானும் அண்ணாச்சியும் கராஜில் தண்டனைக் கைதிகள். கல்லைச் சூடாக்க வேண்டும், எண்ணெய் தடவ வேண்டும், புகை அடங்க வேண்டும், வெங்காயத்தால் தேய்க்க வேண்டும், மறுபடி எண்ணெய். நடுநடுவே ஒரு கரண்டி மாவு ஊற்றிப் பரிசோதனை. ஒட்டியதைச் சுரண்டக் கூடாது. பொறுமையாக நனைத்துக் கிளப்பி, கிளப்பியதை நாங்களே தின்ன வேண்டும் என்பது அக்காவின் தீர்ப்பு. பதினான்கு பிய்ந்த தோசைகள். பதினைந்தாவதற்கு அண்ணாச்சி, “தம்பி, உம்மட கப்பல் மூழ்கித்தான் போச்சு, இது எங்களையும் மூழ்கடிக்கும் போல” என்று ஏப்பம் விட்டார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் நாங்கள் இன்னும் வேகமாகத் தேய்த்தோம்.

கேப்டன் செய்தி அனுப்பியிருந்தார்: “எஃகா, இரும்பா?”

“இரும்பு. கண்ணால் பார்த்தேன்.”

“படம் அனுப்பு.”

“முடியாது.”

“அப்ப எஃகு.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாற்பது பேர் வந்தார்கள். கேட்டரிங்குக்குச் சொல்லட்டுமா என்று ஷாமினி காலையிலேயே மெல்லக் கேட்டாள். அக்கா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கராஜில் நின்றார். கறுப்பு மிச்சமிருந்த மேல்பாதியில் மட்டும் மாவை ஊற்றினார். உள்ளங்கை அகலத் தோசைகள், மஞ்சளும் தாளித்த வெங்காயமும் போட்ட யாழ்ப்பாணத் தோசை. எங்கள் ஊர்த் தோசை இதற்கு முன்னால் வெளிறிப்போன சர்க்கார் காகிதம். நான் இதை வாய்விட்டே சொன்னேன். ஊரில் தெரிந்தால் ரேஷன் கார்டைப் பறித்துவிடுவார்கள்.

ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் பாதிக் கல்லில் சுடுவது என்றால் வரிசை நகருமா? அது டிரைவ்வே தாண்டிப் பக்கத்து வீட்டுப் புல்லுவரைக்கும் போனது. அக்கா முழங்காலை மாற்றி மாற்றி நின்றார். நான் தட்டு நீட்டினேன், அண்ணாச்சி எண்ணெய் விட்டார். வெள்ளை உடுப்பில் பேத்தி வந்து மூன்றாவது தடவையாகத் தட்டை நீட்டி, “அம்மம்மா, ஒன் மோர்” என்றபோதுதான் அக்காவின் முகம் மலர்ந்தது.

கடைசி ஆள் போன பிறகு சட்டியில் ஒரு கரண்டி மாவு மிச்சம். அக்கா என்னைப் பார்த்தார். கல்லை அடுப்பின் மேல் சுற்றி நகர்த்தி, கீழ்ப்பாதியில், புளி தின்ற இடத்தில், அந்த மாவை ஊற்றினார். அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டார். ஓரம் சிவந்தது. அக்கா தோசைக்கரண்டியை விட்டார். தோசை ஒரு முறை தயங்கியது. பிறகு முழுதாக எழும்பி வந்தது.

திருப்பிப் போட்டார். பொன்னிறமான தோசையின் மேல், ஒரு கரையிலிருந்து மறுகரைவரைக்கும், சன்னமான கோடுகள். இரும்பின் நார் ஒவ்வொன்றும் அப்படியே பதிந்திருந்தது.

“இந்தாங்கோ, உங்கட கப்பல்” என்றார். “தின்னுங்கோ.”

அதைப் படம் எடுக்கலாம்தான். தோசைக்கு உடுப்பு இல்லை என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் அகப்பையில் சம்பலை எடுத்துக்கொண்டு, நான் முதல் வாய் வைப்பதைப் பார்க்கக் காத்து நின்றார். பிய்த்துத் தின்றேன். கண்ணில் நீர் வந்தது. சம்பல் உறைப்பு என்றேன். அது பாதி உண்மை.

திங்கட்கிழமை ஊருக்குக் கிளம்பினேன். அச்சகக்காரருக்குப் போன் செய்து ஐந்தாம் அத்தியாயத்தை மாற்றாமல் அப்படியே விடச் சொன்னேன். படத்துக்காக அரைப் பக்கம் விட்டிருக்கிறேனே, அதில் என்ன போட என்று கேட்டார். இருக்கட்டும், காத்திருங்கள் என்றேன். டீக்கடையில் கேப்டன், “அத்தாட்சி எங்கேய்யா?” என்று கேட்டார். “தின்னுட்டேன்” என்றேன். டீக்கடைக்காரர் அன்று முழுக்கச் சிரித்தார்.

இருபது நாள் கழித்து, அச்சகக்காரர் பொறுமை இழந்த நேரத்தில், ரூஜிலிருந்து ஒரு படம் வந்தது. தோசைக்கல் முழுதாகக் கறுத்து, மினுமினுவென்று இருந்தது. கீழே அக்காவின் குரல்பதிவு: “தம்பி, உடுத்தியாச்சு. முழுக்கல்லிலயும் சுட்டனான், ஒண்டும் ஒட்டேல்லை. இப்ப வேணுமெண்டாப் புத்தகத்தில போடுங்கோ.”

முதல்முறையாக என்னைத் தம்பி என்றிருந்தார். திரும்பத் திரும்ப நாலு தடவை கேட்டேன்.

புத்தகம் வந்துவிட்டது. ஐந்தாம் அத்தியாயத்தில் அரைப் பக்கத்துக்கு ஒரே கறுப்பு. கேப்டன் அதைக் கண்ணாடி போட்டும், கண்ணாடியைக் கழற்றியும், வெளிச்சத்தில் சாய்த்தும் பார்த்தார். “இதுல ஒரு நாரும் தெரியலையே!” என்றார்.

“தெரியக் கூடாது” என்றேன்.